பூசிங் என்ற சொல்

காலை ஏழு மணிக்கு என் ஜன்னலுக்குக் கீழே உள்ள வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரி திரும்பும். பின்னால் நிற்பவர் "பூசிங், பூசிங்!" என்று கத்துவார். பூசிங் என்றால் தலைச்சுற்றல் என்று மதுரையிலேயே மலாய் அகராதியில் படித்திருந்தேன். தலையில் விழும் அடி குத்துச்சண்டைக்காரர்களின் நினைவை என்ன செய்கிறது என்று ஆராயத்தான் மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு வந்தேன். ஆகவே எனக்கு வேண்டிய முதல் சொல் அது. லோரிக்கு எதற்குத் தலை சுற்ற வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

விளங்கியது தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில். ஊரில் இருபது வயதிலிருந்து பழகிய குத்துச்சண்டையை இங்கேயும் விட மனமில்லை. மாலையில் அங்கே பயிற்சி தருபவர், அதே லோரியை ஓட்டும் மணியம். முதல் நாள் எதிராளி நெருங்கியபோது அவர், "டாக்டரண்ணே, பூசிங் லா!" என்றார். லா இந்த ஊரில் எல்லாப் பேச்சின் வாலிலும் ஒட்டும். தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார் என நினைத்து, நின்று, "இல்லையே" என்றேன். தாடையில் விழுந்தது.

"சுத்தி வாங்கன்னு சொன்னா பேட்டி குடுக்கறீங்களே! மூள டாக்டருக்கே மூள இல்லலா!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்த நாட்டில் பிறரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுவே முதல் தடவை.

என் ஆய்வில் பத்துச் சொற்களை வாசித்துக்காட்டி, இருபது நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்போம். ஏழுக்குக் கீழே போனவர் களம் இறங்கக்கூடாது. அந்த விதியை எழுதியவன் நான். உதவியாளர் வாசிக்க, விடைகளை நானே எழுதித் திருத்தி, சனிக்கிழமைதோறும் என்னையும் சோதித்துக்கொள்கிறேன். நாட்குறிப்பில் இருக்கிறது: வந்த ஆண்டு ஒன்பது, போன ஆண்டு எட்டு, இந்த ஆடியில் ஏழு. இன்னும் ஒன்று குறைந்து, அதை ஆய்வகத்தில் சொன்னால் களம் போய்விடும். என்னை அண்ணே என்று கூப்பிட இந்த மலையில் வேறு இடமில்லை. சொல்லாவிட்டால், இதே தலையோடு மற்றவர்களின் அறிக்கைகளில் கையெழுத்திட வேண்டும்.

வியாழனன்று இரண்டாம் சுற்றில் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. "பூசிங், மணியம், பூசிங்" என்றேன், அகராதிப் பொருளில்.

"அப்படித்தாண்ணே! சுத்துங்க, சுத்துங்க!" என்று கைதட்டினார்.

மணி அடிக்கும்வரை சுற்றினேன். தமிழில் சொல்லியிருக்கலாம். தமிழ்ச் சொல் வரவில்லை.

இன்று சனிக்கிழமை. ஆறு சொற்கள் சரி, மூன்று நினைவில் வரவில்லை. ஏழாவதாக நான் எழுதியிருந்தது பாசார். பட்டியலில் இருந்தது சந்தை. தக்காளி வாங்க நான் போகும் இடம்தான் அது, இங்குள்ள பெயரில். அடி மாற்றியதா, இந்த ஊர் மாற்றியதா? என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. விதிப்படி தவறு என்று குறித்து, ஆறு என்று எழுதினேன்.

கீழே மணியத்தின் லோரி ஹாரன் அடித்தது. "டாக்டரண்ணே, சாயங்காலம் வரீங்கதானே?"

பேனாவை இன்னும் மூடவில்லை. ஜன்னலைத் திறந்தேன்.

"வரேன்லா."