அப்பாவைப் பார்த்த கால்மணி நேரம்

நான் பேசப் போகிற கூட்டங்களில் யாராவது ஒருவர் தவறாமல் எழுந்து கேட்பார்: "டீச்சர், ஒங்களுக்கு எதுக்கு இந்த ஜெயில் விவகாரம்?" கேட்கிறவருக்குப் பதில் தெரியும். என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணியை அடித்துவிட்டு இரண்டு வருஷம் உள்ளே இருந்தவர் என்பது ஹந்தானை மலையிலிருந்து கண்டி டவுன் வரை தெரிந்த கதைதான். அதை என் வாயால் வரவழைக்க வேண்டும், அவ்வளவே. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

அம்மாவின் கொழுந்துக் கூடையைக் கங்காணி காலால் உதைத்தான். அப்பா, தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த கத்தியைத் திருப்பி, பிடியால் அவன் தோளில் ஒரு போடு போட்டார். வெட்டவில்லை, பிடியால்தான் அடித்தார். கோர்ட்டில் அந்த வித்தியாசம் எடுபடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கைதியைப் பார்க்க மாதத்தில் ஒரு நாள், கால்மணி நேரம். அதுவும் வேலை நாளில். வேலை நாளில் மலையை விட்டு இறங்கத் தோட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். "ஜெயில்காரனப் பாக்கப் போறதுக்கு லீவா?" என்று கணக்கப்பிள்ளை அம்மாவை இரண்டு மாதம் விரட்டிவிட்டார். தோட்டத்துக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. ஜெயிலில் பார்வையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்காது. இந்த இரண்டு சட்டத்தையும் போட்டவர்கள் ஒரே கிளப்பில் உட்கார்ந்து சீட்டு ஆடுகிற துரைமார்தான். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாவது மாதம் கணக்கப்பிள்ளை எப்படியோ மனம் இளகினார். விடிந்ததும் கண்டி ஜெயிலுக்கு இறங்கினோம். வழி முழுக்க நான் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்: "அப்பா, கங்காணி இப்ப அம்மா பக்கமே வர்றதில்ல." அதைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு உள்ளே சோறு இறங்காது என்று அம்மா சொல்லியிருந்தாள். அதை நான்தான் சொல்வேன் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா வந்து நின்றார். மொட்டை அடித்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கதவு வழியாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி உள்ளே வந்தார்.

தோட்டத்துப் பாதையில் துரை வந்தால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தோம். அப்பா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக் கைகட்டித் தரையைப் பார்த்தார். அம்மா தலைமுக்காட்டை எடுத்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள். துரை போகும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. இந்தத் துரை போகவில்லை. கூரையில் ஒழுக்கு இருந்தது போலும். மேலே கையைக் காட்டிக் காட்டிக் காவலாளியிடம் பேசிக்கொண்டே இருந்தார். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் அவரைக் கொழும்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதோடு சரி. விடுதலையாகி வந்தவர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "ஒங்கம்மாவ அவன் ஏதும் தொந்தரவு பண்ணுனானா?" இரண்டு வருஷம் அந்தக் கேள்வியோடு படுத்திருக்கிறார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து நான் டீச்சர் ஆனேன். வோட்டுரிமை வந்து ஊரெல்லாம் கூட்டம் போட்ட காலத்தில், கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் இளைஞர் என்னைத் தேடி வந்தார். அவருடைய வாப்பாவும் உள்ளே இருந்தவர். இரண்டு பேருமாக மனு எழுதினோம். ஞாயிற்றுக்கிழமையும் கைதிகளைப் பார்க்க விட வேண்டும். பிள்ளைகள் வலை இல்லாமல் தகப்பனோடு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அதிகாரிகள் உள்ளே வரக் கூடாது. மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, இதக் கேட்டா சிரிப்பாங்களே." சிரிக்கட்டும் என்றேன்.

சிரிக்கத்தான் செய்தார்கள். அரசாங்கக் கச்சேரி ஆபீசில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். தலைவர் கேட்டார், "உங்களைப் பேச வேண்டாமென்று யாராவது சொன்னார்களா?"

"இல்லை."

"அந்த அதிகாரி உங்களை ஒதுங்கச் சொன்னாரா?"

"இல்லை. சொல்லவே தேவையில்லை. அதுதான் ஐயா குறையே."

குழுவில் இருந்த நம்மவர் ஒருவர், கோட்டும் டையுமாக, "பழக்க தோஷத்துக்கெல்லாம் சட்டம் போட முடியுமா அம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த துணிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினேன். அப்பாவும் நானும் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். உறையில் இருந்த முத்திரையைப் பார்த்ததும், "கவருமெண்டு கடுதாசியா?" என்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்கப்பா. இங்க எந்தத் தொரையும் இல்ல."

"நீ படி புள்ள."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் போதாது. பிள்ளைகளின் விஷயம் அதிகாரியின் விருப்பம். சந்திப்பின்போது யாரும் தங்களைத் தடுக்கவில்லை என்று சாட்சியே ஒப்புக்கொண்டிருப்பதால், மூன்றாவது கோரிக்கைக்கு இடமில்லை.

ஆத்திரத்தில் கடுதாசியை வாங்கில் வீசப் போனபோதுதான் பார்த்தேன், வாங்கில் யாருமே இல்லை. நானும் எப்போதோ எழுந்து நின்றிருக்கிறேன்.

உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். அப்பா கடைசிவரை உட்காரவில்லை.