இலுப்பைப் பூவும் எதிர்வீட்டுக் காரும்

பங்குனியில் எங்கள் வீட்டு மதிலோரத்து இலுப்பை பூத்துவிட்டால், எங்கிருந்தோ வௌவால்கள் வந்துவிடும். இருட்டியதும் பூவைக் கடித்துச் சாறு உறிஞ்சி, சக்கையைத் துப்பும். பூ முடிந்ததும் அவையும் போய்விடும். மற்ற நாளெல்லாம் எதிர்வீட்டுப் பட்டு வியாபாரி அந்த மரத்தை நிமிர்ந்தும் பார்த்ததில்லை. அதன் நிழலில் கார் நிறுத்துவதோடு சரி.

இந்த வருஷம் என் இரண்டு வயது மகள், கீழே கிடந்த இலுப்பைப் பூவை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். பாதி உள்ளே போயிருந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். வௌவாலின் முகத்தில் ஒட்டும் மகரந்தத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். அந்த நேரத்தில் வௌவால் கடித்ததைத் தின்றால் வரும் காய்ச்சலைப் பற்றிய செய்திகள் மட்டும்தான் நினைவுக்கு வந்தன. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் சில நாள் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் பாதி என் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தால், வியாபாரி வாசலில் என் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். மரம் வெட்டும் ஆளையே கையோடு கூட்டி வந்திருந்தார்.

"இன்னாம்மா, கொழந்த எப்படிக்கீது? ஒரே பேஜாரா பூட்ச்சி எனக்கு. ஜல்தியா மரத்த சாச்சிடலாம். எல்லாம் கொழந்தைக்காகத்தான்."

பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட இதுவரை கேட்காதவர். பேசும்போது அவர் கண் என் குழந்தை மேல் இல்லை. எச்சமும் சக்கையும் அப்பியிருந்த வெள்ளைக் காரின் மேல் இருந்தது. வெள்ளி தவறாமல் கோயிலில் இலுப்பெண்ணெய் விளக்கு ஏற்றும் பக்திமான் வேறு.

மாமியார் என்னைப் பார்த்தார். "நீ படிச்சவ. நீயே சொல்லும்மா."

எங்கள் வீட்டில் பழி விழக்கூடிய காரியங்களுக்கு மட்டும் நான் படித்தவள். சாம்பாருக்கு உப்புப் போட எனக்குத் தெரியாது.

வெட்டச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனால் என் பயத்தை எடுத்து அவர் காரைத் துடைக்கிறாரே என்று எரிந்தது.

"வேணாங்கண்ணா. வவ்வா வந்து போனாதான் காய் பிடிக்கும். காய் இல்லேன்னா நீங்க ஏத்தற எண்ணெய் ஏது?"

"எண்ணெய் கடையில கெடைக்குதும்மா."

மரம் வெட்டுகிறவர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"கார் உறையும் கடையிலதாங்கண்ணா கெடைக்குது."

"நாளைக்கு எதனா ஆச்சுன்னா என்னிய வந்து கேக்காதீங்க" என்று செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் மகள் எழுவதற்குள் பூவையெல்லாம் பெருக்கி அள்ளினேன். சரியாகப் பெருக்கினேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் பெருக்கினேன். எதிரே கார் புது உறைக்குள் நின்றது. குழந்தையைப் பற்றி அவர் அதன்பின் விசாரிக்கவே இல்லை. நான்தான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், பூ முடிந்து வௌவால்கள் போன பிறகும்.