மூன்று அங்குலம்

எல்பர்ட் பெட்வேக்குச் சோறு போட்டது வெறும் மூன்று அங்குலம். தெற்கே எங்கள் தண்டவாளம் அகலம். வடக்கே அதைவிட மூன்று அங்குலம் குறுகல். அடிமைகளை வைத்து வடக்கும் தெற்கும் போட்ட சண்டை முடிந்து இருபது வருஷமாகியும், வடக்கத்தி வண்டி எங்கள் ஊரில் நின்றே தீரவேண்டும். பெட்டியைத் தூக்கி, அடியில் சக்கரம் மாற்றித்தான் தெற்கே விடுவோம். எங்கள் கூட்டத்துக்கு எல்பர்ட்தான் மேஸ்திரி. பெட்டி தொங்கும் நேரத்தில் பயணிகளுக்கு அவன் பெண்டாட்டி லவினியா பொரித்த கோழி விற்பாள். அடிமையாகப் பிறந்தவன், பழைய எஜமான் கிராடியின் புகையிலைக் கொல்லைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் வாழ்ந்தான். அவனுக்கு அது ஒன்று போதும்.

அந்த மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. வடக்கே எங்கு பார்த்தாலும் புதுப் பாதை. எங்களுக்கோ, இருப்பதை அவர்கள் அளவுக்குக் குறுக்கும் வேலை. தெற்கு முழுக்க ஒரு பக்கத் தண்டவாளத்தை உள்ளே தள்ளவேண்டும்.

"எந்தக் கூட்டம் முதல்ல முடிக்குதோ, அவங்களுக்குப் பெட்டி தூக்குற வேலை நிரந்தரம்" என்றான் ரயில் கம்பெனி அதிகாரி ஹார்க்கின்ஸ் துரை.

லவினியா கேட்டாள்: "அகலம் ஒண்ணாயிட்டா பெட்டிய எதுக்குய்யா தூக்கணும்?"

"பழைய வண்டி ஒண்ணு ரெண்டு வராமலா போகும்? துரை வாக்குக் குடுத்திருக்காருடி."

"ஆமா, அந்த வாக்குல கோழி பொரிக்கிறேன், இரு."

பாவி மனுஷன், கேட்டானா? ஆணியைப் பிடுங்கினோம், கடப்பாரையால் நெம்பினோம், மறுபடி அறைந்தோம். அவன் பாட, நாங்கள் பாட்டுக்குத் தள்ள, மற்றக் கூட்டங்கள் பாதி வழியில் நிற்கும்போதே முடித்துவிட்டோம். துரை தோளில் தட்டியதும் எல்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. நாங்களும் தொப்பியை வீசிக் கூத்தடித்தோம், மடப்பயல்கள்.

மறுநாள் வடக்கத்தி வண்டி வந்தது. லவினியா கூடையோடு நின்றாள். வண்டி ஊதியது, வேகம்கூடக் குறையாமல் தெற்கே போய்விட்டது.

எல்பர்ட் துரையிடம் ஓடினான். "துரை, நீங்க சொன்ன வேலை..."

"இல்லைன்னா சொன்னேன்? பெட்டி நின்னா வந்து தூக்கு, போ."

வேலையில்லாமல் தெருவில் நிற்கும் கறுப்பனைச் சங்கிலி போட்டு ஜெயிலுக்கு இழுத்துப் போகிற காலம். இலையுதிரும் வரை அலைந்து பார்த்தான். வடக்கே போக டிக்கெட்டுக்கு வழியில்லை. கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கிராடி வாசலில் போய் நின்றான். துணைக்கு நானும் போயிருந்தேன்.

கிழவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டியாடா எல்பர்ட்? உன் மம்பட்டி நீ வச்ச இடத்துலயேதான் இருக்கு. எடுத்துக்க."