அரைஞாணைக் கழற்றச் சொன்ன நாடு

நான் வேலை பார்க்கும் ஒஹாயோ அலுவலகத்தில் நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் காப்பி இயந்திரத்தைச் சுற்றி ஒரே பேச்சுதான்: தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பறப்பதா, காரில் போவதா? விமான நிலையங்களில் உடம்பை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர்களைப் புதிதாக வைத்த வருஷம் அந்தப் பேச்சு சண்டையாகவே மாறிவிட்டது. பக்கத்து மேசை டேவ் கோடையில் ஏரிக்கரை மணலில் ஒட்டுத்துணியோடு மல்லாந்து கிடப்பவன். அவன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தான். "எவனோ ஒருவன் என் உடம்பைத் திரையில் பார்ப்பதா? பகல் முழுக்க ஓட்டினாலும் ஓட்டுவேன், பறக்கமாட்டேன்" என்றான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. செருப்பைக் கழற்றுவதும் வரிசையில் நிற்பதும் நமக்கு ஒரு விஷயமா? திருமலைக்குப் போகிறவன் மலையடிவாரத்து அலிபிரியில் பையைத் திறந்து காட்டுகிறான், கையைத் தூக்கிக்கொண்டு தடவக் கொடுக்கிறான், எல்லாம் முடிந்து கோவிந்தா போடுகிறான். "எங்கள் ஊரில் சாமியைப் பார்க்கவே சோதனை உண்டு" என்று பெருமையாகச் சொன்னேன். டேவ் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "உங்கள் சாமிக்கு அவ்வளவு எதிரிகளா?" என்று கேட்டான். இந்த நாட்டுக்காரர்கள் மானத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே விளங்கவில்லை என்று வீட்டில் மனைவியிடம் கேலி பேசினேன். அடுத்த வாரம் என் அப்பா வந்து இறங்கினார்.

எங்களுக்கு நகரி. ஆந்திராவில் இருந்தாலும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தாசில்தார் ஆபீசிலும் தெலுங்கு. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நான்கு பவர்லூம் போட்டு லுங்கி நெய்து, என்னைத் திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார். கம்ப்யூட்டர் படித்தவனுக்கெல்லாம் விசா கிடைத்த காலம் அது. நான் ஒஹாயோவுக்கு வந்தேன். அக்கா கோமளா கல்யாணமாகி டெக்சாசுக்கு வந்தாள். அம்மா இருந்தவரைக்கும் எங்கள் வீடு நகரியில்தான் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம். அம்மா போன பிறகு நைனா தனி ஆளாகிவிட்டார். வருஷத் திவசம் முடிந்ததும் போனில் அவராகவே சொன்னார்: "இன்மே ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்கடா. தறிய வாடகைக்கு வுட்டுட்றேன். நீங்களும் பாத்துக்கினு இருக்கலாம், நானும் பேரப்புள்ளைய பாத்துக்கினு இருக்கலாம்." அக்காவும் நானும் அன்றைக்கு மாற்றி மாற்றிப் போனில் அழுதோம். அவளுக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. நைனா முதலில் என் வீட்டுக்கு வந்து, பிறகு விமானத்தில் அவள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு, ஊர் திரும்பும் நேரத்துக்கு என்னிடம் வருவதாக ஏற்பாடு.

விமான நிலைய வாசலில் வெளிப்பட்டவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முகம் செத்திருந்தது. "தூக்கம் இல்ல, அவ்ளோதான்" என்றார். சாப்பிடுவதும் படுப்பதுமாகவே இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், மனைவி கடைக்குப் போயிருந்தபோது, சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். வெள்ளி அரைஞாண் கொடி. தறி நன்றாக ஓடிய ஒரு தீபாவளிக்குப் புத்தூர் ஆசாரி செய்து கொடுத்தது. கொக்கி வைக்காமல், இடுப்பில் சுற்றி முனைகளைத் தட்டியே இணைத்துவிட்டார் ஆசாரி. பிற்பாடு நைனாவுக்குத் தொப்பை விழுந்தது. கொடி மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது.

அமெரிக்காவில் இறங்கி வேறு விமானம் மாறிய இடத்தில் அந்தக் கொடிதான் அவரை மாட்டிவிட்டிருக்கிறது. கையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றாராம். திரையில் இடுப்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்ததாம். கழற்றிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். முடியாது என்று தலையாட்டினார். மதம் சம்பந்தப்பட்டதா என்று கேட்டிருக்கிறார்கள். நைனா பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "நோ, நோ. ஆல் மென்" என்றிருக்கிறார். எங்கள் ஊரில் எல்லா ஆம்பளையும் கட்டுவதுதான் என்று பொருள். அவர்களுக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறது. எந்த ஆட்கள், எத்தனை பேர், உங்களோடு வந்திருக்கிறார்களா என்று ஆரம்பித்துவிட்டார்கள். தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

"சட்டைய தூக்குன்னான். பேண்ட எறக்குன்னான். எறக்கினேன்" என்றார் நைனா. "பொணத்த குளிப்பாட்றவன்கூட வெறுங்கையாலதான்டா தொடுவான். இவன் கிளவுஸ் மாட்டிக்கினு தொட்றான்."

நான் சமாதானமாக ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "திருமலையிலயும் தடவறாங்களே நைனா" என்றேன்.

"அங்க தடவறவனுக்கு கைல பட்டதும் இது இன்னான்னு தெரியும்டா. அவன் இடுப்புலயும் கீது."

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் பக்கத்தில் ஆம்பளை இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. பழைய கயிறு நைந்தால் புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். இடுப்பில் ஒன்றும் மிச்சமில்லாமல் அறுப்பது சுடுகாட்டில் மட்டும்தான். சோதனை போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பார்த்தது உலோகம். டேவைக் கேலி பண்ணியதை நினைத்து எனக்கே என்னவோ போலிருந்தது.

இனிமேல் இந்த நாட்டில் விமானம் ஏறமாட்டேன் என்று நைனா சொல்லிவிட்டார். பறந்தால் டெக்சாஸ் மூன்று மணி நேரம். காரில் முழுசாக இரண்டு நாள். எனக்குக் கிடைத்ததோ ஐந்து நாள் விடுமுறை. அங்கேயே விட்டுவிட்டு வரலாமென்றால் மறுபடி போய் அழைத்துவர லீவு இல்லை, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும் ஒஹாயோவிலிருந்துதான். அக்காவிடம் நைனாவே போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. "ஒரு கயித்துக்காகவா? எம்புள்ளையவிட அது பெருசா? இன்னா நைனா இது!" என்றாள். நைனா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

காரிலேயே போனோம். அந்த இரண்டு நாளும் நைனா பழையபடி ஆகிவிட்டார் என்பதை நான் சொல்லியாகவேண்டும். கென்டக்கியின் குதிரைப் பண்ணைகளைப் பார்த்து, இவ்வளவு புல்லை வைத்துக்கொண்டு ஒரு எருமைகூட இல்லையே என்று அங்கலாய்த்தார். மோட்டல் அறையில் தயிர்சோற்றைப் பிசைந்து, "துன்னுடா, வண்டி ஓட்றவன்" என்று எனக்கு முதலில் கொடுத்தார். ஆர்கன்சாஸ் தாண்டும்போது அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார். அதற்கு முன்பும் பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. விமானத்தில் போயிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது இரண்டு ராத்திரியும் ஒரு முழு நாளும்தான். குழந்தையை மடியில் வைத்தபடியே நைனா உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அக்கா கார் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு ஃப்ளைட்ல போ நைனா, உன் கால்ல வுழறேன்" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். வண்டியை எடு என்று என்னைப் பார்த்துச் சாடை காட்டினார். ஆர்கன்சாஸ் திரும்பவும் வந்தது, போனது.

அமெரிக்காவுக்குள் எங்கே வேண்டுமானாலும் காரில் போகலாம். நகரிக்குப் போகமுடியாது. அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவர் தறியில் நெய்த லுங்கி. அதன் ஓரத்திலிருந்து நூலை உருவி, பல இழைகளைச் சேர்த்துத் தொடையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் ஒரு கயிறு ஆனது. அதை எழுந்து நின்று இடுப்பில் கட்டி, முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "கட்டிங் பிளேயர் கீதா?" என்றார்.

நான் எடுத்து வந்தேன். அவரே வெட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானா நைனா?"

"எப்டியும் ஒருநாளு நீதான்டா அறுக்கணும். வெட்டு."

என் வாழ்க்கையில் அதைவிடக் கெட்டியான எதையும் நான் வெட்டியதில்லை. இத்தனைக்கும் வெள்ளி மெல்லிசுதான். வெட்டுப்பட்டதும் கொடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு ஓடியது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டையை இறக்கினார். விமானம் ஏறுவதற்கு முன்னால் உள்ளேயிருந்து போன் செய்தார். "ஒண்ணும் கேக்கலடா. போடான்னு வுட்டுட்டான்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

இப்போது கயிறுதானே, ஸ்கேனர் ஒன்றும் சொல்லாதே, வரலாமே என்று அடுத்த வருஷம் நானும் அக்காவும் கெஞ்சினோம். "பாக்கலாம்" என்றார். அதற்கடுத்த வருஷம் "தறி ஓடிக்கினு கீது" என்றார். ஆறு மாதம் இங்கே என்ற பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அக்கா மகன் தாத்தாவைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தே வளர்கிறான். ஒரு இரண்டு அங்குல வெள்ளிக் கொக்கி வைத்திருந்தால் எங்கள் குடும்பம் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்று யோசிக்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன கோடையில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். நைனாவோடு திருமலைக்குப் போய்த் திரும்பும்போது திருப்பதியில் அரைஞாண் கயிறு தொங்கவிட்டிருந்த ஒரு கடையில் நின்றோம். நைனா தனக்குக் கறுப்பில் ஒன்று எடுத்தார். கடைக்காரன் கெட்டிக்காரன், அதற்குள் இன்னொரு கயிற்றை எடுத்து என் சட்டைக்கு மேலேயே இடுப்பில் வைத்து அளந்தான். ஒஹாயோவுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்தே என் இடுப்பில் ஒன்றும் கிடையாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? "கொடுக்கி வத்தா?" என்று நைனாவைக் கேட்டான். மகனுக்கு வேண்டாமா என்று.

நைனா என் இடுப்பைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கோபமோ குத்தலோ இல்லாமல், என் மேல் இரக்கப்பட்டதுபோல்தான் தெலுங்கில் பதில் சொன்னார்.

"வாடிக்கெந்துக்குலே. வாடு எகிரேவாடு."

அவனுக்கு எதற்கு, அவன் பறக்கிறவன். கட்டிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் போக டிக்கெட் இருந்தது, வழியில் மூன்று விமான நிலையங்கள் இருந்தன. கயிறுதானே என்று அவரைக் கெஞ்சியவனே நான், எடுத்த வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரன் என் இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, இருந்த கொக்கியிலேயே திரும்ப மாட்டினான்.