நால்வர் குடியிருக்கும் பென் டிரைவ்

ஐப்பசி மாதம், அடைமழை சற்று ஓய்ந்த ஒரு மாலை ஐந்து மணிக்கு இது நிகழ்ந்தது. கணினிக்கு இயங்குதளம் நிறுவித் தருபவர், எதிரில் இருப்பது பழுதா பேயா என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

துணிக்கடைக்காரரின் நிபந்தனை

பாலிடெக்னிக் ஆய்வகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், செஞ்சியில் என் வீட்டு முன்னறையில் இவ்வேலையைச் செய்கிறேன். ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துத் தேடுவது ஒழுங்கீனம். ஆகவே ஒன்றையே முழுமையாக அழித்து, தொடக்கப் பட்டியல் காட்டும் நிரலை முதலில் பதித்து, நிறுவல் கோப்புகளைப் பிரிக்காமல் அப்படியே நகலெடுத்தேன். இரண்டு விண்டோஸ், வன்தட்டைத் தொடாமலே இயங்கும் ஒரு லினக்ஸ்.

மூவரோடு நிறுத்தியிருக்கலாம். பழைய கணினியை விற்கவிருந்த துணிக்கடைக்காரருக்காக, வன்தட்டைத் துடைக்கும் நிரலைக் கடைசி வரியில் சேர்த்தேன். துடைக்குமுன் அது ஒருமுறை உறுதி கேட்கும் என்றேன். அவர் அதையும் விரும்பவில்லை. "கேட்டா மனசு மாறிடும் டீச்சர். கேக்காம அழிக்கட்டும்." அப்படியே அமைத்துவிட்டேன்.

வல்லத்திலிருந்து வந்த பெட்டி

அந்த ஐப்பசி மாலையில், வல்லத்திலிருந்து கஸ்தூரி என்னும் பெண் தன் கணவர் ஏழுமலையின் கணினியைச் சாக்கில் சுற்றி, விசைப்பலகையோடு ஆட்டோவில் கொண்டுவந்தாள். ஏழுமலை திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்புகளைப் பதிவு செய்து தந்தவர், சித்திரையில் இறந்துவிட்டார். விண்டோஸ் எழவில்லை. அவர் குரல் அந்த வன்தட்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

பென் டிரைவைச் செருகினேன், பட்டியல் வந்தது. லினக்ஸைத் தேர்ந்தெடுக்க நான் கை நீட்டுமுன், தேர்வைக் காட்டும் வெள்ளைப் பட்டை தானாக ஒரு வரி இறங்கியது. நின்றது. இன்னொரு வரி இறங்கியது. மேலே ஏற்றினேன். விரலை எடுத்ததும், இருட்டில் படியிறங்கும் மனிதரைப் போல் நிதானமாக இறங்கி, துடைக்கும் நிரலின் மீதே போய் நின்றது. என்டர் விசையும் தானாக அழுந்தினால் அவர் குரல் போயிற்று. பென் டிரைவைப் பிடுங்கினேன்.

கஸ்தூரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவருதான் டீச்சரம்மா. உசுரோட இருந்தப்பவும் இத யாரையும் தொட உடமாட்டாரு."

பொட்டு

விசைப்பலகையைக் கவிழ்த்தேன். கீழ்நோக்கும் அம்புக்குறி விசையின் அடியில் சந்தனம் இறுகி, மழை ஈரத்தில் மறுபடி இளகியிருந்தது. விசை விட்டு விட்டு அழுந்தியது அதனால்தான். மற்ற விசைகளிலும் சந்தனம், குங்குமம். "யார் செய்த காரியம் இது?" என்று சற்றுக் கடிந்தே கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன், டீச்சரம்மா. அவரு வெரலு படாத பட்டன் ஒண்ணு இருக்குதா? ஒண்ணு உட்டா ஒண்ணு கோச்சுக்குமேன்னு எல்லாத்துக்கும் வெச்சிட்டேன்."

மோட்டார்

என் விசைப்பலகையை மாட்டினேன். பட்டை அசையாமல் காத்திருந்தது. லினக்ஸ் எழுந்தது; வன்தட்டு திறந்தது. முதலில் அனைத்தையும் நகலெடுத்தேன், ஒழுங்கு அதுவே. பிறகுதான் ஒரு பதிவை ஓடவிட்டேன்.

தேர் புறப்படும் நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்த குரல் நடுவில் நின்று, வேறு பக்கம் திரும்பியது. "கஸ்தூரி, மோட்டார நிறுத்திட்டியா?"

என் அருகில் நின்றிருந்தவள், "நிறுத்திட்டேங்க" என்றாள்.

"சரி, சரி" என்றது கணினி. அறிவிப்பு தொடர்ந்தது.

பதிவு செய்த அன்று மோட்டார் கொட்டகையிலிருந்து அவள் சொன்ன பதில் மைக்குக்கு எட்டியிருக்காது. கேள்விக்கும் "சரி"க்கும் நடுவிலிருந்த இடைவெளிக்குக் காரணம் அதுவே. அதைச் சொல்ல வாயெடுத்தேன்; வெளியே ராஜகிரிக் கோட்டையை மேகம் மூடிக்கொண்டிருந்தது; சொல்லவில்லை.

கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பதில் சொல்லாட்டி திரும்பத் திரும்பக் கேட்டுனே இருப்பாரு."

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்த் திரும்புகையில் செஞ்சியில் இறங்கி, முந்நூறு ரூபாயும், எங்கள் பக்கம் மல்லாட்டை எனப்படும் வறுத்த வேர்க்கடலை ஒரு பையும் கொடுத்துவிட்டுப் போனாள். கணினியை எழுப்பியதற்கு முந்நூறு சரியான கூலிதான், உடன் எழுந்து வருபவர்களுக்கு எவ்வளவு வாங்குவது என்பதைத்தான் எந்தப் பாடத்திட்டமும் எனக்குக் கற்பிக்கவில்லை.