தங்கமணி அக்காவின் மார்க்ஸ் கார்டு

போன வாரம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளிடம் நேர்காணல் நடத்தினோம். நேர்காணல் என்று பழக்கத்தில் சொல்கிறேன். இப்போதெல்லாம் நான் மைசூரில் என் கல்லூரி அறையில் இருப்பேன். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே கணினித் திரையில் வருவார்கள். ஹனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தபோது, திரைக்கு வெளியிலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டு, அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு மறைந்தது.

"யாரும்மா பக்கத்துல?"

"அக்கா, மேடம்."

அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. என்னோடு நேர்காணல் நடத்திய சக ஆசிரியர்தான் மதிப்பெண் போட்டார். எனக்கோ எங்கிருந்தோ அந்துருண்டை வாசனை வந்துவிட்டது.

அது எங்கள் அம்மாவின் சேலை வாசனை. நான் பத்தாவது முடித்து, மைசூரில் ஓர் அறக்கட்டளையின் நேர்காணலுக்கு வந்த அன்று, தங்கமணி அக்கா அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தாள். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். அம்மா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம். ஆகவே, என்னைவிட இரண்டே வயது மூத்தவள் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு பெரியவளாகிவிட்டாள். அம்மா படுத்தபோதுதான் அவளும் பத்தாவது முடித்திருந்தாள், பள்ளியிலேயே முதலாவதாக. அதோடு அவள் படிப்பு நின்றது.

கொள்ளேகாலில் பஸ் மாறினோம். எனக்குப் பஸ் என்றாலே குமட்டும். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எலுமிச்சம்பழத்துக்காக அக்காவின் துணிப்பையில் கையை விட்டேன். என் காகிதங்களுக்கு அடியில் இன்னொரு மார்க்ஸ் கார்டு, பழைய காலண்டர் தாளில் சுற்றியபடி இருந்தது. அக்காவுடையது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் மைசூர்த் தமிழ்க்காரர்; பேச்சில் பாதி கன்னடம். என்ன படிக்க ஆசை என்று அவர் கேட்டார். நான் என் சொந்த ஊர் ஹனூர் என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், புண்ணியவதி. பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீ யாரம்மா?"

"இவ அக்காங்க."

"நீ காலேஜ் யாக் சேரலை?"

"அம்மாளுக்கு ஒடம்பு செரியில்லீங்க. ஊட்ல ஆளில்லீங்க."

"எஷ்டு மார்க்?"

அக்கா சொன்னாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது இவளுதைவிட ஜாஸ்தி அல்லவா? ரெண்டு வருஷம் விட்டுப்போனா பரவாயில்லை, நீயும் அப்ளிகேஷன் போடலாம். ஆனா ரூல் ஒண்ணு இருக்கு. ஒரு மனைக்கு, ஒரு வீட்டுக்கு, ஒருத்தர்தான். மார்க்ஸ் கார்ட் கொண்டுவந்திருக்கியா?"

அக்காவின் விரல்கள் துணிப்பையின் வாயில் இருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். 'இருக்குதுங்க' என்று நானாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். நான் தலை குனிந்து தரையைப் பார்த்தேன். அந்தச் சிவப்புத் தரையில் ஒரு விரிசல் என் செருப்பிலிருந்து மேசைக்கால் வரை ஓடியது. இன்றும் வரைந்து காட்டுவேன்.

"கொண்டாரலீங்க," என்றாள் அக்கா. "இவளே படிக்கட்டுங்க."

எனக்கு இடமும் விடுதியும் கிடைத்தன. வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கம்முனு நட புள்ள, பஸ்ஸு போயிரும்," என்றாள். காவிரிப் பாலம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூங்கினாளா, கண்ணை மட்டும் மூடியிருந்தாளா, தெரியாது.

அந்த விடுதியில் தங்கிப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அக்காவிடம் அதைக் கேட்க எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவள் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், இருவரும் பூக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அன்னைக்கு மார்க்ஸ் கார்டு பையில இருந்துச்சில்ல?"

அவள் கை நிற்கவில்லை. "இருந்துச்சு. நீ பாத்ததும் எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன் என்னைய ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டு? நீ அன்னைக்குச் சின்னப் புள்ள. நானுந்தான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த முல்லைய இப்படித் தள்ளு."

அவ்வளவுதான் பேசினோம்.

அந்த அறக்கட்டளைக் கட்டிடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்திலும் 'ஒரு குடும்பத்துக்கு ஒருவர் மட்டும்' என்று ஒரு வரி நெடுங்காலம் இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் அதை எடுக்கச் சொல்லி நான் மன்றாடினேன். ஒருவழியாகச் சென்ற ஆண்டு எடுத்தார்கள். வரி நீங்கிய புதுப் படிவம் கைக்கு வந்ததும், வழக்கம்போல அக்காவிடம் சொல்ல ஹனூருக்குப் போன் போடப் போனேன். அக்கா இறந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.