புஷ்பம் பெயிண்ட் அடிக்காத சுவர்

புஷ்பம் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம். சோற்றை வடித்து மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஹார்ட் என்றார்கள். நேற்று ஞாயிறு, எடுத்துவிட்டோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பின்னால் கல் குவாரி. அவள் வீடு கடைசி, குவாரிக்கு ரொம்பப் பக்கம். நான் மூன்றாவது வீடு.

செடெனாக்கில் கையுறை ஃபேக்டரியில் இரண்டு பேரும் பல வருஷம், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஒரே க்யூசி லைனில் நின்றோம். நான் வேகம். அவள் ஒவ்வொரு கையுறையையும் லைட்டில் தூக்கிப் பார்ப்பாள்.

"ராசம்மா, நீ பாஸ் பண்ணதுல மூணு ஓட்டைடி" என்று என் கூடையிலிருந்து எடுத்து என் முகத்துக்கு நேராக ஆட்டுவாள்.

"ஒனக்கு இருக்கிறது கண்ணா, மைக்ரோஸ்கோப்பா?" என்பேன்.

இரண்டு பேருமே ஐந்தாவதோடு நின்றவர்கள். ஆனால் எது ஓட்டை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குவாரி பெரிதாகப் பெரிதாகத்தான் சுவர்களில் விரிசல் வந்தது. முதலில் தலைமுடி மாதிரி... அப்புறம் விரல் நுழைகிற அளவு.

வெடி வைக்கும் முன் சங்கு ஊதுவார்கள். சங்குக்கும் முன்னாலேயே எங்கள் நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். குழியில் ஊறுகிற தண்ணீரைப் பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கிணறு வற்றிவிட்டது.

அரசாங்க ஆபிசிலும் கம்பெனியிலும் புகார் எழுதிக் கொடுத்தோம். போன தீபாவளிக்கு முன் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். நம்ம ஆள்தான், தமிழ்ப் பையன். புகாருக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு இரண்டு வாளி பெயிண்ட், பலகாரக் கூடையாக ஒரு ஹேம்பர்.

தீபாவளி ஆயிற்றே... விரிசலில் சிமெண்ட் பூசி, மேலே பெயிண்ட் அடித்தோம். நான் மஞ்சள். போட்டோகூட இங்கே போட்டேன், நிறைய பேர் லைக் போட்டீர்கள்.

புஷ்பம் மட்டும் வாளியைத் திறக்கவே இல்லை. பண்டிகைக்கு வீட்டை இப்படியா வைப்பாள் என்று வரிசையே சிரித்தது. நானும்தான்.

"லெச்சுமி ஒன் வீட்டப் பாத்துட்டு யூ-டர்ன் அடிச்சிரும்லா!" என்றேன்.

"அடிக்கட்டும்லா. எல்லாத்தையும் மூடிட்டு ஆபிசர் வந்தா எதக் காட்டுவ, ஒன் மூஞ்சியயா?"

தை மாதம் அரசாங்க ஆபிசர், கம்பெனிப் பையனோடு வந்தார். என் மஞ்சள் சுவரைத் தட்டிப் பார்த்து, "சாந்திக் ரூமா, மக்சிக்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அழகான வீடாம். பதினொரு வீட்டிலும் அதே கதை.

கடைசி வீட்டில்தான் அவர் சிரிப்பு நின்றது.

தினக் காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவோம் இல்லையா... அவள் அதைச் சோற்றுப் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்தாள். சுவர் முழுக்கத் தேதிகள். விரிசல் அகன்றால் தாள் கிழியும், எந்தத் தேதிக்கு மேல் அகன்றது என்று தெரிந்துவிடும். நடுவில் கிழியாத தாள் கொஞ்சம்தான்.

கம்பெனிப் பையன் கிழிந்த ஒரு தாளைக் காட்டினான். "இது ஞாயித்துக்கெழம ஆன்ட்டி. அன்னிக்கு நாங்க வெடியே வெக்கிறதில்ல."

"வெடி இல்ல தம்பி. பம்ப் ஓடுதுல்ல? அடியில தண்ணிய எடுத்தா மண்ணு சும்மா இருக்குமா?"

ஆபிசர் எழுதிக்கொண்டார். அளக்கிற மெஷினோடு திரும்ப வருவதாகச் சொன்னார். வருகிற வியாழக்கிழமைதான் அந்த நாள். இப்போதைக்கு எங்கள் புகாருக்குச் சாட்சியாக இருப்பது அந்த ஒரு சுவர்தான்.

ஒரு நாள் பகலில் புஷ்பம் என்னைக் கூப்பிட்டு, "காத வைடி" என்றாள். குவாரிக்கு லீவு, நல்ல வெயில். சுவரில் காதை வைத்தேன். உள்ளே யாரோ பச்சரிசியை மெதுவாக மெல்லுகிற மாதிரி...

"என்னாடி இது?"

"வீடு எறங்குது" என்றாள், சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

நேற்று அவளை ஹாலில் கிடத்தியிருந்தோம். தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தோம்.

சர்ர்... என்று ஒரு சத்தம்.

அவள் தலைக்கு நேர் மேலே, சனிக்கிழமைத் தாள். அன்று காலையில் ஒட்டியிருப்பாள் போல. யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி மேலிருந்து கீழே போனது. பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தோம்.

இன்று காலை அவள் மகன் கணேசன் அந்தப் பழைய பெயிண்ட் வாளியைத் திறந்து வைத்து, கையில் ரோலரோடு நின்றான். சிங்கப்பூரில் வேலை, நாளைக்குத் திரும்ப வேண்டும்.

"பதினாறுக்கு ஆளுங்க வருவாங்க பெரிம்மா. இதப் பாத்தா பயந்துருவாங்க. என்னாலயே இங்க உக்கார முடியல."

"வியாழக்கெழம வரைக்கும் பொறுடா. நாங்க எல்லாம் சிரிச்சும் ஒங்கம்மா பொறுத்தா."

"எங்கம்மா செத்துப் போயிருக்காங்க. நீங்க செவத்தப் பத்திப் பேசுறீங்களா?"

நான் சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன். கணேசன் ரோலரைக் கீழே வைத்தான். "வியாழக்கெழம வரைக்கும்தான்" என்று சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து என் மஞ்சள் சுவரைக் கத்தியால் சுரண்டினேன். பூசிய சிமெண்ட் ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. மணிக்கட்டு வரை கை உள்ளே போகிறது... உள்ளிருந்து ஜில்லென்று காற்று வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை.

நம் வரிசை ஆட்களே, பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த போட்டோ இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பர்த்டே போட்டோ, பெண் பார்க்க வந்த போட்டோ, எதுவானாலும் சரி. பின்னால் சுவர் தெரிந்தால் போதும்.

புஷ்பம்... வியாழக்கிழமை ஆபிசருக்கு நான் கதவைத் திறந்துவிடுகிறேன்.

நீ போய் வாடி.